ஸ்காட்ச் விஸ்கி: புதியவர் தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்காட்ச் விஸ்கி என்பது ஸ்காட்லாந்தில் தானியத்திலிருந்து வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்விக்கப்பட்ட மதுபானம் ஆகும். விஸ்கி என்ற சொல், ‘உயிர்நீர்’ எனப் பொருள்படும் ‘உஷ்க பெஹா’ என்ற கேலிக் மொழித் தொடரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்து அரசின் 1494ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், ஜான் கோர் என்ற துறவிக்கு ‘உயிர்நீர்’ தயாரிக்க மால்ட் வழங்கப்பட்டதாக உள்ள குறிப்பே இதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் ‘விஸ்கி’ என்ற ஒரே சொல், முற்றிலும் வேறான இரண்டு பானங்களுக்கு வழங்குகிறது. எனவே இங்கே முதன்முறை ஸ்காட்ச் வாங்குபவர் முதலில் கற்க வேண்டியது சுவையை அன்று. பாட்டிலின் லேபிளை வாசிக்கும் முறையை. இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

மதுரைச் சூழல்

மதுரை விமான நிலையம் அவனியாபுரத்தை ஒட்டி அமைந்துள்ளது. கொழும்பு, துபாய், சிங்கப்பூர் போன்ற ஊர்களிலிருந்து இங்கே விமானங்கள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவர இந்தியச் சுங்க விதிகள் இடம் தருகின்றன. தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் ஸ்காட்ச் பாட்டில் முதன்முதலாக நுழைவது இவ்வழியில்தான். ‘வரும்போது ஒரு நல்ல ஃபாரின் சரக்கு வாங்கி வா’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். எதை வாங்குவது என்பது இருவருக்குமே தெரிவதில்லை. விலை கூடியது நல்லது, வயது கூடியது அதைவிட நல்லது, நிறம் அடர்ந்தது எல்லாவற்றையும்விட நல்லது என்ற மூன்று நம்பிக்கைகளே வழிகாட்டுகின்றன. மூன்றும் முழு உண்மை அல்ல.

உள்ளூரில் வாங்குவோருக்கு வழி ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் உள்ளது. சில எலைட் கடைகளில் இறக்குமதி மதுவும் கிடைக்கும். அங்கே ஸ்காட்ச் பாட்டிலும் இந்திய விஸ்கி பாட்டிலும் அருகருகே இருக்கும். இரண்டிலும் ஆங்கிலப் பெயரும் அரச முத்திரை போன்ற படமும் காணப்படும்.

பெயருக்குரிய சட்டம்

‘ஸ்காட்ச்’ என்பது ஊர்ப்பெயரால் காக்கப்படும் பெயர். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் பூத்த மல்லிகை எவ்வளவு மணமாக இருந்தாலும் அதை மதுரை மல்லி என்று விற்கக் கூடாது. ஸ்காட்ச் விஸ்கியும் அதே சென்னைப் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிவு பெற்றுள்ளது.

பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறை விதிகளின் முக்கிய நிபந்தனைகள்:

• மால்ட் செய்த பார்லி, நீர், ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு தயாரிக்க வேண்டும். பிற முழுத் தானியங்களையும் சேர்க்கலாம்.
• ஸ்காட்லாந்திலேயே வடிக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் அளவு 94.8 சதவீதத்திற்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தானியத்தின் மணம் போய்விடும்.
• 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்விக்க வேண்டும்.
• நீரும் நிறத்துக்கான சாதாரணக் கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது.
• பாட்டிலில் ஆல்கஹால் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும்.

‘விஸ்கி என்றால் என்ன?’ என்ற கேள்வி பிரிட்டனிலும் ஒரு காலத்தில் வழக்கானது. 1905இல் லண்டனின் இஸ்லிங்டன் நகரசபை, மலிவான மதுவை விஸ்கி என்று விற்றதாக மதுக்கடைக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது. விவாதம் பெருகி, 1908இல் ஓர் அரச ஆணையமே அமைக்கப்பட்டது. வாங்குபவர் கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்பதே அன்றைய புகார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் ஊரில் அக்கேள்வி முடிந்துவிடவில்லை.

இந்திய விஸ்கியிலிருந்து வேறுபாடு

இந்தியாவில் விஸ்கி என்று விற்கப்படும் மதுவில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் என்ற கழிவுப்பாகு அல்லது தானியத்திலிருந்து எடுத்த, மணமும் சுவையும் நீக்கப்பட்ட தூய சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. அதனுடன் சிறிதளவு மால்ட் விஸ்கி, நிறம், மணம் ஆகியவை சேர்க்கப்படும். இது இந்தியச் சட்டப்படி முறையான தயாரிப்புதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி விஸ்கி தானியத்திலிருந்தே வர வேண்டும். மொலாசஸிலிருந்து வந்ததை அங்கே விஸ்கி என்று விற்க முடியாது.

பெயரால் வரும் குழப்பத்திற்கு ஒரு வழக்கு நல்ல சான்று. கோடே நிறுவனத்தின் ‘பீட்டர் ஸ்காட்’ இந்தியாவில் 1968 முதல் விற்கப்படும் இந்திய விஸ்கி. அந்தப் பெயர் ஸ்காட்லாந்துச் சரக்கு என்ற எண்ணத்தைத் தரும் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் மிகத் தாமதமாக வந்தது என்பது முக்கியக் காரணம். இத்தகைய மதுவை வாங்குவோர் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், வேறுபாடு அறிந்தவர்கள் என்ற கருத்தும் தீர்ப்பில் இடம்பெற்றது. ஜெர்மனியில் ‘கிளென்’ என்ற சொல்லைத் தன் விஸ்கியின் பெயரில் வைத்த ஒரு நிறுவனத்தை 2019இல் ஹாம்பர்க் நீதிமன்றம் தடுத்தது. கிளென் என்பது கேலிக் மொழியில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். பல ஸ்காட்லாந்து விஸ்கிகளின் பெயரில் வருவது.

வேறுபாடு அறிந்த வாங்குபவரை நம் நீதிமன்றம் மனத்தில் கொண்டது. புதியவர் அந்த நிலைக்கு இன்னும் வராதவர். ஆகவே பெயரைப் பார்த்து அவர் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இந்தியாவிலும் உண்மையான மால்ட் விஸ்கி உண்டு. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வைத்தே அறிமுகப்படுத்தியது. கோவாவின் பால் ஜான் 2012இல் வந்தது. இவை தரத்தில் ஸ்காட்சுக்கு இணையாக மதிக்கப்படுபவை. ஆனால் ஸ்காட்ச் அல்ல. தாமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

தயாரிக்கும் முறை

குழந்தைகளுக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மாவாக்குவது நம் வீடுகளில் வழக்கம். முளைவிடும்போது தானியத்திலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாராகிறது. பார்லியையும் இவ்வாறே முளைகட்டி, சூளையில் உலர்த்துவதற்கு மால்ட் செய்தல் என்று பெயர். உலர்த்தும் அடுப்பில் பீட் எனப்படும், சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரக் கட்டியை எரித்தால், அதன் புகை தானியத்தில் ஏறுகிறது. சில ஸ்காட்ச் விஸ்கிகளில் வரும் புகை மணத்திற்கு இதுவே காரணம்.

உலர்ந்த மால்ட்டை அரைத்து வெந்நீரில் கலந்து இனிப்பு நீரை வடிப்பர். அது ஈஸ்ட்டால் நொதித்தபின், செப்புக் கலன்களில் பொதுவாக இருமுறை காய்ச்சி வடிக்கப்படும். இப்போது கிடைப்பது நிறமற்ற சாராயம். நிறமும் மென்மையும் சுவையின் பெரும்பங்கும் பீப்பாயிலிருந்தே வருகின்றன. அமெரிக்க பர்பன் இருந்த பீப்பாய் வெனிலா, தேன் போன்ற மணத்தைத் தரும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் உலர்திராட்சை, அத்திப்பழம் போன்ற சுவையைத் தரும்.

பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகும். இதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்பர். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் இது ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதத்தைத் தாண்டும். எனவே வெப்ப நாட்டில் விஸ்கி விரைவாக முதிர்கிறது. அம்ருத்தின் நான்கைந்து ஆண்டு விஸ்கியை ஸ்காட்லாந்தின் பன்னிரண்டு ஆண்டு விஸ்கியோடு எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிட முடியாததற்கு இதுவே காரணம்.

ஐந்து வகைகள்

சட்டப்படி ஸ்காட்ச் ஐந்து வகைப்படும்.

1. சிங்கிள் மால்ட்: ஒரே வடிசாலையில், மால்ட் பார்லியால் மட்டும் செய்தது.
2. சிங்கிள் கிரெய்ன்: ஒரே வடிசாலையில், கோதுமை, மக்காச்சோளம் போன்ற பிற தானியமும் சேர்த்துச் செய்தது.
3. பிளெண்டட் மால்ட்: பல வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்களின் கலவை.
4. பிளெண்டட் கிரெய்ன்: பல வடிசாலைகளின் சிங்கிள் கிரெய்ன்களின் கலவை.
5. பிளெண்டட் ஸ்காட்ச்: மால்ட், கிரெய்ன் இரண்டும் கலந்தது.

உலகில் விற்கும் ஸ்காட்சில் பெரும்பகுதி ஐந்தாம் வகை. ஜானி வாக்கர், சிவாஸ் ரீகல், பாலண்டைன்ஸ் முதலியவை இவ்வகையின. ‘சிங்கிள்’ என்பது ஒரே வடிசாலை என்று பொருள்படுமே தவிர, ஒரே பீப்பாய் என்று பொருள்படாது. ‘பிளெண்டட்’ என்றால் கலப்படம் என்றும் பொருளல்ல.

லேபிளை வாசித்தல்

பாட்டிலைக் கையில் எடுத்தவுடன் கீழ்க்காணும் ஐந்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வகைப்பெயர்: மேற்கண்ட ஐந்து பெயர்களில் ஒன்றும், ‘ஸ்காட்ச் விஸ்கி’ என்ற முழுத் தொடரும் இருக்க வேண்டும். வெறும் ‘விஸ்கி’, ‘பிரீமியம் விஸ்கி’, ‘ஸ்காட்ச் கலந்தது’ என்றிருந்தால் அது ஸ்காட்ச் அல்ல.

அடைத்த இடம்: சிங்கிள் மால்ட் ஸ்காட்ச், 2012 முதல் ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டாக வேண்டும். பிளெண்டட் ஸ்காட்சை மொத்தமாக இறக்குமதி செய்து இந்தியாவில் அடைக்கலாம். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், வேட் 69 போன்றவை இவ்வாறு இங்கே அடைக்கப்படுகின்றன. இவையும் ஸ்காட்ச்தான், வரி குறைவதால் விலையும் குறைகிறது.

ஆல்கஹால் அளவு: வெளிநாட்டில் வாங்கும் ஸ்காட்சில் 40 அல்லது 43 சதவீதம் என்றிருக்கும். இந்திய மதுவில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்றும், பக்கத்தில் 75 டிகிரி புரூஃப் என்றும் இருக்கும். பழைய பிரிட்டிஷ் அளவில் 100 புரூஃப் என்பது ஏறத்தாழ 57.1 சதவீதம், அதில் முக்கால் பங்கு 42.8. இரண்டும் ஒரே அளவைக் குறிக்கும் இரு எண்கள்.

வயது: 12 என்று எழுதியிருந்தால், அதில் கலந்த விஸ்கிகளில் மிக இளையதற்கு 12 வயது என்று பொருள். வயது என்பது பீப்பாயில் கழிந்த காலம் மட்டுமே. அலமாரியில் பத்தாண்டு வைத்திருந்தாலும் 12 வயது விஸ்கி 12 வயதிலேயே நிற்கும். லேபிளில் உள்ள ‘1820 முதல்’ போன்ற ஆண்டு நிறுவனம் தொடங்கிய ஆண்டு. விஸ்கியின் வயது அன்று.

கொள்ளளவு: இந்தியாவில் முழு பாட்டில் 750 மி.லி.; ஐரோப்பாவில் 700 மி.லி.; விமான நிலையக் கடைகளில் பெரும்பாலும் 1 லிட்டர். விலையை ஒப்பிடுமுன் லிட்டர் கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ‘சலுகை’ என்று எழுதியிருப்பது பல வேளைகளில் இந்தக் கணக்கில் கரைந்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால், அடர்ந்த நிறம் தரத்துக்கோ வயதுக்கோ சான்றாகாது.

வட்டாரமும் சுவையும்

ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் ஆகிய ஐந்தும் சட்டம் காக்கும் வட்டாரப் பெயர்கள். ஸ்காட்லாந்தின் வடிசாலைகளில் ஏறக்குறையப் பாதி ஸ்பேசைடில் உள்ளன. கிளென்லிவெட், கிளென்ஃபிடிக், மெக்கலன் ஆகியவை அங்குள்ளவை. ஆப்பிள், பேரிக்காய், தேன், உலர்பழம் என்று நமக்குப் பழகிய சுவைகள் இவற்றில் வரும். ஐலா ஒரு தீவு. அங்குள்ள லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகவுலின் ஆகியவை பீட் புகை மிகுந்தவை. அவற்றின் மணம் விறகடுப்புப் புகையையும் மருத்துவமனை மருந்து வாடையையும் ஒருசேர நினைவூட்டும். இதை விரும்பிப் பழகியோர் உண்டு. ஆனால் முதல் பாட்டிலாக இதை வாங்கியவர், சரக்கு கெட்டுப்போனது என்று எண்ணிக் கொட்டிவிட வாய்ப்புண்டு. வட்டாரம் ஒரு தொடக்கக் குறிப்புதான். ஒரே வட்டாரத்திலும் வடிசாலைக்கு வடிசாலை சுவை மாறும்.

முதல் பாட்டில்

புதியவருக்கு ஏற்றவை இரு வழிகள். செலவைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர், வயது குறித்த பிளெண்டட் ஸ்காட்ச் ஒன்றை எடுக்கலாம். சிவாஸ் ரீகல் 12 புகையின்றி இனிப்புச் சாயலுடன் இருக்கும். ஜானி வாக்கர் பிளாக் லேபிள், 12 ஆண்டு, சிறிது புகையுடன் இருக்கும். சிங்கிள் மால்ட்டே வேண்டும் என்பவருக்கு கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12 ஆகிய இரண்டும் மென்மையான தொடக்கம். இவற்றில் ஒன்று பிடித்தபின் ஷெர்ரி பீப்பாய் வகைக்கும், பிறகு புகை வகைக்கும் செல்வது ஏற்ற வரிசை.

18, 21, 25 ஆண்டு விஸ்கிகளுக்கு முதலில் பணம் செலவிட வேண்டியதில்லை. ஆண்டு கூடக்கூட ஆவியாகும் பங்கும் இருப்புச் செலவும் கூடுவதால் விலை ஏறுகிறது; சுவை அதே விகிதத்தில் ஏறுவதில்லை. சில விஸ்கிகளில் நீண்ட காலம் கழிந்தபின் மரத்தின் துவர்ப்பே மேலோங்கிவிடும்.

இந்தியாவில் ஸ்காட்ச் விலையில் பெரும்பங்கு வரியே. இறக்குமதி வரி 150 சதவீதமாக இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக ஒப்பந்தம், இதை முதலில் 75 சதவீதமாகவும் பத்தாம் ஆண்டுக்குள் 40 சதவீதமாகவும் குறைக்க வகைசெய்கிறது. மாநில வரிகள் இதற்கு வெளியே உள்ளவை. எனவே நம் ஊரில் கொடுக்கும் அதிக விலையைப் பானத்தின் தரத்துக்கான விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுவைக்கும் முறை

வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் 30 மி.லி. போதும். முதலில் முகர வேண்டும். மூக்கைக் குவளைக்குள் நுழைத்தால் ஆல்கஹால் நெடி மட்டுமே ஏறும். சற்றுத் தள்ளி வைத்து, வாயைச் சிறிது திறந்தபடி முகர்ந்தால் மணம் பிரிந்து தெரியும். பிறகு சில சொட்டு நீர் சேர்க்கலாம். இது விஸ்கியைக் கெடுப்பதன்று. மணம் தரும் சில மூலக்கூறுகள் நீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வருகின்றன என்று சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினிவழி ஆய்வில் காட்டினர். மிகுந்த ஐஸ், நாவை மரக்கச் செய்து சுவையை மறைக்கும். கோலா போன்றவற்றைக் கலப்பவர் சிங்கிள் மால்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை.

பாட்டிலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஒயினைப் போலச் சாய்த்து வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். மதுரை வெயிலில் மொட்டைமாடி அறையும் சன்னலோரமும் ஏற்ற இடமல்ல.

போலியும் ஆபத்தும்

விலை உயர்ந்த ஸ்காட்சின் காலி பாட்டிலில் மலிவுச் சரக்கை நிரப்பி விற்பது நாடெங்கும் உள்ள மோசடி. ‘ஏர்போர்ட் சரக்கு’, ‘மிலிட்டரி சரக்கு’ என்று கைமாறி வருவதை வாங்குவதில் இந்த ஆபத்து அதிகம். மூடியின் முத்திரை கலைந்திருத்தல், லேபிள் கோணலாக ஒட்டியிருத்தல், எழுத்துப்பிழை, ஒரே வகைப் பாட்டில்களில் நிரம்பிய மட்டம் வேறுபடுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். டாஸ்மாக் பாட்டிலில் ஹாலோகிராம் ஒட்டுவில்லை இருக்க வேண்டும். காலியான பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுவது நல்ல பழக்கம்.

இது பணத்தோடு முடிகிற செய்தி அன்று. மெத்தனால் கலந்திருந்தால் மணத்தாலும் சுவையாலும் கண்டறிய இயலாது. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும்; உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மதுவை, பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக் கூடாது.

உடல்நலமும் சட்டமும்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனை உண்டு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆல்கஹாலில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் கூறியது. 12 ஆண்டு சிங்கிள் மால்ட்டிலும் குவார்ட்டர் பாட்டிலிலும் இருப்பது ஒரே எத்தனால்தான். கல்லீரலுக்கு லேபிள் வாசிக்கத் தெரியாது. வேறுபடுவது குடிக்கும் அளவே. 40 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் சுமார் 9.5 கிராம் ஆல்கஹால் உள்ளது. 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், சுமார் 61 கிராம் உள்ளது. ஆறு மடங்குக்கும் மேல்.

குடிக்காதவர் ஸ்காட்சின் பெருமைக்காகத் தொடங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. குடிப்பது என்று முடிவு செய்த பெரியவர், வகைப்பெயர், அடைத்த இடம், ஆல்கஹால் அளவு, வயது, கொள்ளளவு ஆகிய ஐந்தையும் வாசித்து, நம்பத்தக்க கடையில் ரசீதுடன் வாங்கி, சிறிய அளவில் நிறுத்திக்கொண்டால், கொடுத்த பணத்துக்குரிய பொருள் அவருக்குக் கிடைக்கும்.